சேதாரம்

உருட்டி வெட்டித் தருகிறேன் என்று
இரண்டு தடவை சொன்னேன்.
பிலவேந்திரன் கேட்கவில்லை.
கூராத்தான் வேணும்,
கை மேலே ஏறுகிற இடத்தில்
கொக்கு மூக்கு மாதிரி.

மரமும் அவனுடையது.
நாகலூர் எஸ்டேட்டில் காற்றுக்குச் சாய்ந்த சில்வர் ஓக்.
பேரில்தான் சில்வர்.
அறுத்தால் பழுப்பு, அதில் மீன் செதில்.
ஏற்காட்டிலிருந்து காய்கறி வண்டியில் வந்து
சிவதாபுரத்து வெக்கையில்
எட்டு மாதம் காய்ந்தது.

பெட்டி ஒட்டியாயிற்று.
விளிம்புக்கு ஈட்டிப் பட்டை, ஒன்றரை மில்லி.
நனைத்துச் சுடுகுழாயில் அழுத்தினால்
தோளும் இடுப்பும் சொன்னபடி கேட்கும்.
மூக்கில்தான் வம்பு.

அங்கே மூன்று பேர் வந்து சேர வேண்டும்:
தோளிலிருந்து இறங்கி வருபவன்,
கழுத்தடியிலிருந்து உள்வாங்கி வருபவன்,
கூர் வழியே கீழிருந்து நெட்டாக ஏறுபவன்.
சீவிய சாய்வுகள் முட்டிக்கொண்டபின்
யார் எங்கே முடிந்தார் என்று
வெளிச்சத்துக்கே தெரியக் கூடாது.

முதல் பட்டை குழாயிலேயே போனது.
கடுகு வெடிக்கிற சத்தம், அவ்வளவுதான்.
இரண்டாவது வளைந்தது, பொருந்தியது, ஒட்டியது.
காலையில் பார்த்தால்
இரவெல்லாம் யோசித்து மனம் மாறியதுபோல
விலகி நிற்கிறது.
தலைமுடி ஒன்றைப் பிடுங்கி விட்டுப் பார்த்தேன்.
நுழைந்தது.
நரைமுடி என்பதையும் அப்போதுதான் பார்த்தேன்.

மரத்தூளில் பசை குழைத்து அடைக்கலாம்.
அடைத்திருக்கிறேன்.
யார் வீட்டுக் கிட்டார் என்று சொல்ல மாட்டேன்.

மூன்றாவது பட்டைக்கு உளி முரடு.
பக்கத்துக் கொலுசுப் பட்டறைக்குப் போனேன்.
பொடி பறக்குமென்று
சித்திரையிலும் ஃபேன் போடாத அறை.
தரையைப் பெருக்கி, கைகழுவிய தண்ணீரையும் தேக்கி,
வண்டலில் வெள்ளி எடுக்கிற ஆட்கள்.
மாதையன் முக்கோண அரம் ஒன்றைத் தந்தார்,
கல்யாண மோதிரத்தைக் கழற்றித் தருகிற முகத்தோடு.
"மரத்துக்கா?"
"நுனிக்கு மட்டும்."

இரண்டு இழுப்பு, வைத்துப் பார்ப்பது.
ஒரு இழுப்பு, வைத்துப் பார்ப்பது.
பிறகு அரை இழுப்பு.
டீ ஆறி ஏடு படிந்தது.
கரண்ட் போய் வந்தது.
எப்போது உட்கார்ந்தது என்று தெரியாமல்
உட்கார்ந்துவிட்டது.
பசை விட்டு, டேப் ஒட்டி,
சைக்கிள் டியூபை நறுக்கிச் சுற்றினேன்,
பல்வலிக்காரன் தாடைக்கட்டு மாதிரி.

விடிந்து கட்டைப் பிரித்துச் சுரண்டினால்
மூன்று கறுப்புக் கோடும் ஒரே புள்ளியில்.
முடி நுழையவில்லை. மூச்சு நுழையாது.
ஆனால் அந்தப் புள்ளியில்
வெள்ளையாக ஒரு துணுக்கு.
ஊதினேன், போகவில்லை.
நகத்தால் நெருடினேன், போகவில்லை.
அரத்தின் பல்லில் ஒளிந்து வந்தது
பசையோடு உள்ளே குடியேறிவிட்டது.
தோண்டலாம்.
தோண்டினால் மூவரும் மறுபடி பிரிவார்கள்.

அரம் வாங்க வந்த மாதையன்
லென்ஸைக் கண்ணில் சொருகிக் குனிந்தார்.
வெகுநேரம் நிமிரவில்லை.
"இது எங்களுது."
"எடுத்துக்கறீங்களா?"
ஒன்றும் சொல்லாமல் போய் நோட்டோடு வந்தார்.
சேதாரம், ஒரு பொடி, என்று எழுதி
எங்கே போகுது என்று கேட்டார்.
மலைக்கு என்றேன்.
அதையும் எழுதிக்கொண்டார்.

இருபது கொண்டை ஊசி வளைவு.
கேஸை மடியில் இறுக்கி
ஒவ்வொரு நம்பர் பலகையாக எண்ணினேன்.
ரோடுகூட இருபது இடத்திலும்
உருட்டித்தான் திரும்புகிறது.
கூராகத் திரும்பச் சொல்லி
அதனிடம் எந்தப் பிலவேந்திரனும் வரவில்லை.

அவன் வாசித்தான். மூக்கைத் தடவினான்.
விரலுக்கு ஒன்றும் தட்டவில்லை.
கேஸை மூடப் போனவன்
பனிக்குள் வந்த கொஞ்ச வெயிலில் நிறுத்தி
என்னமோ மினுங்குதே என்றான்.

மாதையன் நோட்டு,
நாற்பத்தொன்றாம் பக்கம் என்றேன்.